உங்கள் ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியப்பா போன் செய்தார். "என்னடா, பேங்க் சைட்டைத் திறந்தா பிரவுசர்ல என்னமோ எச்சரிக்கை வருது. இது பாதுகாப்பான இணைப்பு இல்லைங்கறான். கீழே 'இருந்தாலும் தொடரவும்'ங்கற மாதிரி ஒரு வரி இருக்கு. அதை அழுத்தட்டுமா?" என்று கேட்டார்.

"எதையும் அழுத்தாதீங்க பெரியப்பா. கம்ப்யூட்டரை அப்படியே விடுங்க, நான் வரேன்" என்று சொல்லிவிட்டு அடையாறிலிருந்து கிளம்பினேன். அவருடைய ஓய்வூதியம் முழுவதும் வரும் கணக்கு அது.

போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டரில் வைரஸ் எதுவும் இல்லை. என்னுடைய லேப்டாப்பை அவர் வீட்டு வை-பையில் இணைத்துப் பார்த்தேன். அதே எச்சரிக்கை வந்தது. அதே லேப்டாப்பை என் மொபைல் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். வங்கியின் தளம் ஒழுங்காகத் திறந்தது. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, வங்கியிலும் இல்லை. இடையில் இருப்பது வீட்டின் இன்டர்நெட் பெட்டிதான். அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில், நம் வீட்டில் பச்சை விளக்குகளுடன் மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிகள் என்னென்ன, எது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மோடம், ஓஎன்டி, ரூட்டர்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். தொடங்கியது. முதலில் சேவை கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. அப்போது டெலிபோன் வயர் வழியாக டயல் செய்து இணைப்பு பெற்றோம். கம்ப்யூட்டரின் டிஜிட்டல் தகவலை டெலிபோன் வயரில் செல்லக்கூடிய அலைகளாக மாற்றியும், வரும் அலைகளைத் திரும்பத் தகவலாக மாற்றியும் தருவதுதான் மோடம்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. இது ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம். ஒரே டெலிபோன் வயரில் பேச்சு கீழ் அதிர்வெண்களிலும், இன்டர்நெட் தகவல் மேல் அதிர்வெண்களிலும் செல்லும். இரண்டையும் பிரிக்கத்தான் சுவரோரம் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். அதனால்தான் போனில் பேசிக்கொண்டே இன்டர்நெட்டையும் பயன்படுத்த முடிந்தது.

இப்போது பல வீடுகளுக்கு பைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழையில் ஒளியாக வரும் தகவலை மின் சமிக்ஞையாக மாற்றித் தருவது ஓஎன்டி என்ற பெட்டி. சிலர் இதை ஓஎன்யூ என்பார்கள். இன்னும் பலர் பழக்கத்தில் மோடம் என்றே சொல்கிறார்கள். இதில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். பைபர் எங்கோ அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். இந்த நேரத்தில் ரூட்டரை எத்தனை முறை ஆப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. கஸ்டமர் கேருக்குச் சொல்வதுதான் வழி. பைபரின் முனையைக் கழற்றிக் கண்ணால் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

ரூட்டர் என்பது வேறு. வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுத் தருவது இது. பல வீடுகளில் ஓஎன்டி, ரூட்டர் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பெரியப்பா வீட்டில் இரண்டும் தனித்தனி. ரூட்டரை ரிச்சி தெருவில் வாங்கி, மாட்டிக்கொடுத்தது நான்தான்.

ஒரு முகவரி, பல கருவிகள்

இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரி என்ற எண் வேண்டும். பழைய முறையான ஐபிவி4-ல் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலகம் முழுவதற்கும் இது போதாது. எனவே பொதுவாக வீட்டுக்கு வெளியே ஒரு முகவரி, உள்ளே தனி முகவரிகள் என்று வைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பவை பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது கட்டடத்தின் கதவு எண் மட்டும். உள்ளே எப்-1, எஸ்-2 என்று வீட்டு எண்கள். வரும் தபாலை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். ரூட்டர் செய்யும் இந்த வேலைக்கு நேட் என்று பெயர். புதிதாக இணையும் கருவிக்கு உள் முகவரியை வழங்குவது டிஎச்சிபி. அதையும் ரூட்டரே செய்கிறது.

நேட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே இருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் தகவலை யாரிடம் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது. ஆகவே அது உள்ளே போகாது. ரூட்டரில் உள்ள பயர்வால் இதே வேலையை விதிகள் வைத்து இன்னும் கண்டிப்பாகச் செய்கிறது. எது வரலாம், எது வரக்கூடாது என்று பார்த்து அனுப்புவதுதான் பயர்வால்.

இரண்டு பாஸ்வேர்ட்கள் எவை?

பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். முதலாவது வை-பை பாஸ்வேர்ட். உறவினர் வந்தால் "பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்பது இதைத்தான். இது வீட்டு நெட்வொர்க்கில் இணைவதற்கான சாவி.

இரண்டாவது அட்மின் பாஸ்வேர்ட். இது ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் செல்வதற்கான சாவி. இந்தச் சாவி கிடைத்தவர் முதல் பாஸ்வேர்டையும் பார்க்கலாம், மாற்றலாம், ரூட்டரின் எல்லா வேலையையும் தன் விருப்பப்படி திருப்பலாம். பல ரூட்டர்கள் கடையிலிருந்து வரும்போது யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று இருந்தன. உலகம் முழுவதும் தெரிந்த சாவி இது.

இதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? 2016-ல் மிராய் என்ற மால்வேர் இப்படிப்பட்ட சுமார் 60 தொடக்க பாஸ்வேர்ட்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, கேமராக்களிலும் ரூட்டர்களிலும் ஒவ்வொன்றாக முயன்று நுழைந்தது. பிடிபட்ட கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உள்பட பல பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. நம் நாட்டில் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் வீடுகளில் ஆயிரக்கணக்கான மோடங்கள் மால்வேரால் செயலிழந்தன. தொடக்க பாஸ்வேர்ட் மாற்றப்படாத மோடங்களே தாக்கப்பட்டன என்று கூறிய அந்நிறுவனம், உடனே பாஸ்வேர்டை மாற்றும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

டிஎன்எஸ்: டெலிபோன் டைரக்டரி

இப்போது பெரியப்பா வீட்டுக்கு வருவோம். நாம் பிரவுசரில் வங்கியின் பெயரை டைப் செய்கிறோம். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தேவை ஐபி முகவரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது டிஎன்எஸ் சர்வர். அந்தக் காலத்தில் டெலிபோன் பக்கத்தில் வைத்திருந்த தடிமனான டைரக்டரி போல. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று வீட்டிலுள்ள கருவிகளுக்குச் சொல்வது பெரும்பாலும் ரூட்டர்தான்.

யாரோ ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து, டைரக்டரியை எடுத்துவிட்டு அதே அட்டையுடன் வேறு டைரக்டரியை வைத்துவிட்டால்? எல்லா எண்களும் சரியாக இருக்கும். வங்கியின் எண் மட்டும் தவறாக இருக்கும். நீங்கள் சரியான பெயரைத்தான் தேடினீர்கள். ஆனால் மறுமுனையில் பேசுவது வேறொருவர்.

பெரியப்பாவின் ரூட்டரில் நடந்திருந்தது இதுதான். டிஎன்எஸ் பகுதியில் எனக்குத் தெரியாத இரண்டு எண்கள் இருந்தன. இது புதிய தந்திரம் அல்ல. பிரேசிலில் 2011-ஐ ஒட்டி சுமார் 45 லட்சம் மோடங்களின் டிஎன்எஸ் இவ்வாறு மாற்றப்பட்டு, மக்கள் போலி வங்கிப் பக்கங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. அம்பலப்படுத்திய டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல், 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ்ஸை மாற்றியிருந்தது.

சரி, எப்படி நுழைந்தார்கள்? ரூட்டரை மாட்டிய அன்று வை-பை பாஸ்வேர்டை நன்றாகவே அமைத்தேன். ஆனால் அட்மின் பாஸ்வேர்டை "அப்புறம் மாற்றலாம்" என்று விட்டேன். அது போதாதென்று, பெரியப்பாவுக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் அடையாறிலிருந்தே சரி செய்யலாம் என்று ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதியை ஆன் செய்து வைத்தேன். வெளியிலிருந்து ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க உதவும் வசதி இது. பயர்வாலில் நானே ஒரு கதவைத் திறந்து, அதற்கு ஊருக்கெல்லாம் தெரிந்த சாவியையும் போட்டிருந்தேன். அலுவலகத்தில் நாள் முழுவதும் சாப்ட்வேர் எழுதும் எனக்கே இது நடந்தது. எனவே உங்கள் வீட்டில் இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம்.

காப்பாற்றியது எது?

அந்த எச்சரிக்கைப் பக்கம்தான். எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் தளம் தன் பெயருக்கான சர்டிபிகேட்டை பிரவுசரிடம் காட்ட வேண்டும். போலி சர்வரிடம் வங்கியின் பெயரில் முறையான சர்டிபிகேட் இருக்காது. பிரவுசர் இதைக் கண்டுபிடித்து நிறுத்துகிறது. "தொடரவும்" என்பதை அழுத்துவது, வாசலில் நிறுத்திய வாட்ச்மேனை நாமே ஒதுங்கச் சொல்வது போன்றது. வங்கித் தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் ஒரே பதில்: மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

ஆனால் எச்டிடிபிஎஸ் இருந்தாலே நல்ல தளம் என்று பொருள் அல்ல. பெயருக்கும் சர்வருக்கும் பொருத்தம் உண்டு, இடையில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மோசடிக்காரர் தளம் தொடங்கினால், அந்தத் தவறான பெயருக்கு அவர் சர்டிபிகேட் வாங்கிவிடலாம். எச்சரிக்கை வராது. இதற்குப் பெயர் பிஷிங். எஸ்எம்எஸ், மெயிலில் வரும் லிங்க்குகள் மூலம் இது நடக்கிறது. பூட்டுப் படம் தவறான நம்பிக்கை தருகிறது என்பதால்தான் 2023-ல் கூகுள் குரோம் பிரவுசர் அதை எடுத்துவிட்டது. வங்கி முகவரிகளை அடையாளம் காண எளிதாக, இந்திய வங்கிகள் "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி கூறியது. எனவே முகவரியின் கடைசிப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

ஓடிபி இருக்கிறதே என்று கேட்கலாம். போலிப் பக்கம் பாஸ்வேர்டைக் கேட்பது போலவே ஓடிபியையும் கேட்கும். நாம் டைப் செய்த அடுத்த நொடியே அதை உண்மையான தளத்தில் பயன்படுத்திவிடுவார்கள்.

இனி, செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கிடைக்கும் கறுப்பு விண்டோவில் ஐபிகான்பிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் கொடுங்கள். டீபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்.

2. அந்த எண்ணை பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் டைப் செய்திடுங்கள். ரூட்டரின் லாகின் பக்கம் கிடைக்கும். யூசர் நேம், பாஸ்வேர்ட் ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

3. அட்மினிஸ்ட்ரேஷன், சிஸ்டம் டூல்ஸ், மேனேஜ்மென்ட் போன்ற ஒரு பிரிவில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வை-பை பாஸ்வேர்டையே இதற்கும் வைக்க வேண்டாம்.

4. ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன் ஆகியிருந்தால் ஆப் செய்திடுங்கள்.

5. வயர்லெஸ் செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், பழைய கருவிகளுக்கு அது ஒத்துவராவிட்டால் டபிள்யூபிஏ2-வையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி வேண்டவே வேண்டாம். அதன் குறியீட்டு முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. வை-பை பாஸ்வேர்ட் குறைந்தது 12 எழுத்துகளாவது இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவில் வைப்பதும் எளிது. போன் நம்பர், கதவு எண் வேண்டாம்.

6. டபிள்யூபிஎஸ் வசதியை ஆப் செய்திடுங்கள். இதன் எட்டு இலக்க பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011-ல் தெரியவந்தது.

7. டிஎன்எஸ் பகுதியைப் பாருங்கள். இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து தானாகப் பெறும்படி இருக்கலாம். அல்லது நீங்களே அமைத்த எண்கள் இருக்கலாம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்பிளேரின் 1.1.1.1 ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. இவை தவிர வேறு எண்கள் இருந்தால் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

8. பர்ம்வேர் அப்டேட் இருந்தால் செய்திடுங்கள். பர்ம்வேர் என்பது ரூட்டருக்குள் பதிந்திருக்கும் சாப்ட்வேர். அதன் ஓட்டைகளை அடைப்பது அப்டேட்தான். அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் ரூட்டர் கெட்டுப்போகலாம். யூபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்வது நல்லது.

சந்தேகம் இருந்தால் ரீசெட் செய்யலாம். பின்புறம் உள்ள சிறு துளையில் ஊக்கை நுழைத்துப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் இன்டர்நெட் திரும்ப வராது. பைபர் இணைப்பில் ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் நீங்களாக ரீசெட் செய்ய வேண்டாம். டெக்னீஷியனை அழையுங்கள்.

பாஸ்வேர்டே இல்லாமல் வை-பையைத் திறந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மெயில், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் திறந்த வை-பை வழியாகச் சென்றிருந்தது. போலீஸ் முதலில் சென்றது அவர் வீட்டுக்குத்தான். தி.நகர் அடுக்குமாடி ஒன்றில் நின்று மொபைலில் பார்த்தால் பதினைந்து வை-பை பெயர்கள் தெரிகின்றன. உங்கள் சுவரோடு சிக்னல் நிற்பதில்லை.

பெரியப்பாவின் ரூட்டரை ரீசெட் செய்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். டிஎன்எஸ் சரியானதும் வங்கியின் தளம் எச்சரிக்கை இல்லாமல் திறந்தது. அதற்கு முன்பே, என் மொபைல் இணைப்பு வழியாக நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை இடையில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கிளம்பும்போது பெரியப்பா புதிய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, இ.பி. கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டார். "எழுதி வைக்கக் கூடாதுன்னு சொல்வியே?" என்று கேட்டார். ரூட்டர் பாஸ்வேர்டை வீட்டுக்குள் எழுதி வைப்பதில் தவறில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் திருடனால் அந்தக் கவரைத் திறக்க முடியாது.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் ரூட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் உள்ள பாஸ்வேர்டே இன்னும் வேலை செய்கிறதா? அட்மின், அட்மின் என்று கொடுத்தால் திறக்கிறதா? திறந்தால், இன்று மாலையே மாற்றிவிடுங்கள். அப்படியே, நீங்கள் யாருக்கெல்லாம் ரூட்டர் மாட்டிக் கொடுத்தீர்களோ, அவர்களுக்கும் ஒரு போன் செய்துவிடுங்கள்.